183 என்ற எண்ணும் ஒரு ஜோடி ஷூவும்

"எத்தனை மணி நேரம் போட்டு வைக்கிறீங்க?"

"23 மணி நேரமும் சார். குளிப்பாட்டும்போது மட்டும்தான் கழட்டறோம்."

என் தங்கை டாக்டரிடம் சொன்ன பதில் இது. குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முந்தின நான்கு ராத்திரியும் எனக்குப் போன் வந்திருந்தது. "அண்ணா, கதறுறான்ணா. மொகமெல்லாம் செவந்து போச்சு. அத்தை கழட்டிருன்னு சொல்றாங்க, என்ன பண்றது?" ராத்திரி ஒரு மணி வாக்கில் கழட்டிவிடுவார்கள். விடிந்ததும் மறுபடி மாட்டுவார்கள். மத்தியானத் தூக்கத்துக்கும் இதே கதை. அவள் சொன்ன 23 உண்மையில் 16-ஐத் தாண்டியிருக்காது. டாக்டர் "வெரி குட்" என்று சொல்லி சீட்டில் எழுதினார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தங்கை அழுதாள்.

அவள் பொய் சொல்லிப் பழகினவள் இல்லை. அந்த அறையில் அவளைப் பொய் சொல்ல வைத்தது எது? இந்தக் கேள்வியோடுதான் நான் வளைபாத மருத்துவ எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கையேடுகள், பொன்செட்டியின் புத்தகம், ஆய்வுக் கட்டுரைகள் என்று படித்ததில், பிரேஸ் பற்றிய பகுதியை மட்டும் இங்கே விமர்சனமாக எழுதுகிறேன். நான் மென்பொருள்காரன், டாக்டர் இல்லை. உங்கள் குழந்தையின் காலைப் பற்றி முடிவெடுக்க இந்தப் பக்கத்தை நம்பாதீர்கள். ஆனால் ஓர் எண்ணை எப்படிப் படிப்பது, ஒரு கையேடு யாரை மனசில் வைத்து எழுதப்பட்டது என்றெல்லாம் கேட்பதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

வைத்தியம், சுருக்கமாக

கிளப்ஃபுட் என்று டாக்டர்கள் சொல்வது பிறக்கும்போதே பாதம் உள்ளே திரும்பி, குதிகால் மேலே தூக்கி இருக்கும் நிலை. தோராயமாக ஆயிரம் குழந்தைக்கு ஒன்று என்பார்கள். ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். என் மருமகனுக்கு வலது கால் மட்டும்.

இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் வைத்தியம் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கியது. 1914-இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் ஒரு கடிகாரக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். தோற்ற பக்கம் நின்றதால் நாட்டை விட்டுக் கிளம்பி, மெக்சிகோ வழியாக 1941-இல் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்து சேர்ந்தார். கத்தி வைத்துத் திறந்து சரிசெய்த பாதங்கள் பிற்காலத்தில் விறைத்து வலிப்பதைப் பார்த்துவிட்டு, கையால் மெல்லத் திருப்பி வாராவாரம் மாவுக்கட்டு மாற்றும் முறையை வகுத்தார். ஐந்தாறு கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. அதன்பின் மூன்று வாரம் கடைசிக் கட்டு. கால் நேராகிவிடும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும்.

பிரச்சினை அதற்கு அப்புறம். நேரான பாதம் மறுபடி உள்ளே வளையப் பார்க்கும். பாதத்தின் உட்புறமும் குதிகாலின் பின்புறமும் இருக்கும் திசுக்களின் இழுப்பு முதல் சில வருஷங்களில் தீராது. குழந்தை வேகமாக வளர வளர அது தன் வேலையைக் காட்டும். அதனால்தான் பிரேஸ். இரண்டு ஷூ, நடுவில் தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. பாதிக்கப்பட்ட கால் வெளிப்பக்கமாக 60 முதல் 70 டிகிரி, நல்ல கால் 30 முதல் 40 டிகிரி திரும்பி நிற்கும். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு நான்கு வயசு வரை ராத்திரித் தூக்கத்துக்கும் பகல் தூக்கத்துக்கும்.

"நல்ல காலுக்கு எதுக்கு ஷூ?" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒற்றைக் காலில் என்ன மாட்டினாலும், அந்தப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்து வைக்க எதிர்ப்பக்கம் ஒரு பிடி வேண்டும். நல்ல கால்தான் அந்தப் பிடி. இந்த இரண்டு வாக்கியத்தை ஆஸ்பத்திரியில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பெட்டியைக் கையில் கொடுத்து, "23 மணி நேரம், மறக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

கையேட்டின் நல்ல பக்கம்

இந்தத் துறையில் அதிகம் கைமாறும் பிரசுரம், லின் ஸ்டாஹெலி தொகுத்து குளோபல் ஹெல்ப் அமைப்பு இலவசமாக வெளியிடும் 'கிளப்ஃபுட்: பொன்செட்டி மேனேஜ்மெண்ட்' என்ற சிறு கையேடு. பல மொழிகளில் இருக்கிறது. படங்களும் அச்சும் நேர்த்தி. காசு வாங்காமல் தருகிறார்கள். இதைக் குறை சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோருக்கான பிரேஸ் குறிப்புகளை எழுதியவர்கள் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் குழந்தை அழும், அது வலியால் அல்ல, புதுசாக இருப்பதால் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் வருகிறது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதுவரை குழந்தை ஒவ்வொரு காலாக உதைத்துப் பழகியிருக்கிறது. கம்பி வந்த பிறகு ஒற்றைக் காலை உதைத்தால் எதுவும் நகராது. அதுதான் கோபம். ஆகவே கம்பியைப் பிடித்து மெல்ல முன்னே தள்ளி, பின்னே இழுத்து, இரண்டு முழங்காலும் சேர்ந்து மடங்கி நிமிரும்படி விளையாட்டுக் காட்ட வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து உதைத்தால் உலகம் நகரும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் பாதி அழுகை நின்றுவிடும்.

போனில் இதைச் சொன்னேன். தங்கை வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்து "ஏலேலோ ஐலசா" என்று படகு வலித்தார். மூன்றாம் நாள் அவன் சிரித்தான். அதுவரை அந்த வீட்டில் ஷூ என்றால் அழுகை என்று மட்டும் இருந்தது.

மற்றக் குறிப்புகளும் இப்படித்தான், கைப்பழக்கத்திலிருந்து வந்தவை. எந்தக் கால் மோசமோ அதை முதலில் மாட்டு. இரண்டாவது ஷூவுக்குள் குழந்தை தானாகவே உதைத்து நுழையும். கம்பிக்கு மெத்தென்று உறை போடு. குழந்தைக்கும் உன் முழங்கைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நல்லது. தூங்கும் நேரத்தோடு சேர்த்துப் பழக்கு. இது பேரம் பேசுகிற விஷயம் இல்லை என்று குழந்தைக்குப் புரியட்டும். லேசான சிவப்பு சகஜம், ஆனால் அதன்மேல் கிரீம் எதுவும் தடவாதே.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். குதிகாலின் பின்புறம் செக்கச் சிவந்தாலோ கொப்பளம் வந்தாலோ, நம் மனசு என்ன சொல்லும்? ஷூ இறுக்கமாக இருக்கிறது, தளர்த்து. கையேடு நேர்மாறாகச் சொல்கிறது: ஷூ போதுமான அளவு இறுக்கமாக இல்லை என்பதற்கு அடையாளம் அது. பட்டை தளர்ந்தால் குதிகால் மேலே எழும்பி, ஒவ்வொரு உதைக்கும் தோலோடு உரசும். அன்பினால் தளர்த்துகிற தாய், தனக்குத் தெரியாமலேயே புண்ணைப் பெரிதாக்குகிறாள். இதை யாராவது நேரில் விரலை வைத்துக் காட்டாவிட்டால் எந்தத் தாய்க்கும் தோன்றாது.

இனி குறை. இந்த அருமையான குறிப்புகளுக்குக் கிடைத்திருப்பது சில பக்கங்கள்தான். கையேட்டின் பெரும்பகுதி மாவுக்கட்டுக்குப் போகிறது: விரல் எங்கே வைப்பது, எந்த எலும்பில் அழுத்துவது, எந்தத் தவறு கூடாது. டாக்டரின் கைக்கு இவ்வளவு பொறுமையான பயிற்சி. டாக்டரின் வேலை இரண்டு மாதம். பெற்றோரின் வேலை நான்கு வருஷம். நான்கு வருஷ வேலைக்குச் சில பக்கம் குறிப்பு என்றால், அந்த வேலையை யாரோ 'சும்மா மாட்டி விடுவதுதானே' என்று நினைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதே கையேட்டில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிரேஸ் சரியாகப் போட்ட குடும்பங்களில் மீண்டும் வளைவது 6 சதவீதம், போடாத குடும்பங்களில் 80 சதவீதத்துக்கும் மேல். படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிற எண். ஆங்கிலத்தில் இதற்குப் பயன்படும் சொல் 'நான்-கம்ப்ளையன்ஸ்'. தமிழில் போட்டால் ஒத்துழையாமை. காந்தி நடத்தியதும் என் தங்கை ராத்திரி ஒரு மணிக்குச் செய்ததும் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன! வேண்டுமென்றே மறுப்பது என்ற வாடை அந்தச் சொல்லில் இருக்கிறது.

183

இந்தச் சொல்லுக்கு எண் பலம் கொடுத்த முக்கியமான கட்டுரை 2004-இல் எலும்பு மருத்துவத்தின் பெரிய இதழான 'ஜர்னல் ஆஃப் போன் அண்ட் ஜாயிண்ட் சர்ஜரி'யில் வந்தது. மாத்யூ டாப்ஸும் கூட்டாளிகளும் எழுதியது. 51 குழந்தைகள், 86 பாதங்கள். எந்தக் காரணங்கள் மறுவளைவை முன்கூட்டிச் சொல்கின்றன என்று தேடினார்கள். ஆரம்பத்தில் கால் எவ்வளவு மோசமாக இருந்தது என்பது முக்கியமாகத் தெரியவில்லை. பிரேஸ் ஒத்துழையாமைக்கு ஆட்ஸ் ரேஷியோ 183. பெற்றோரின் படிப்பு பள்ளியோடு நின்றிருந்தால் 10.7.

183! பிரேஸ் பற்றிப் பின்னால் வந்த எத்தனையோ கட்டுரைகளில் இந்த எண் எட்டிப் பார்க்கிறது. "பிரேஸ் போடாவிட்டால் 183 மடங்கு ஆபத்து" என்று ஒரு பயிற்சி வகுப்புப் படக்காட்சியில் பார்த்தேன். அது தப்பு. ஆட்ஸ் என்பது நடந்தவர்களை நடக்காதவர்களால் வகுப்பது. ஆபத்து என்பது நடந்தவர்களை மொத்தப் பேரால் வகுப்பது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம் (இது அந்த ஆய்வின் தரவு இல்லை, என் சொந்த உதாரணம்). 51 குழந்தைகளில் 20 பேர் பிரேஸை விட்டுவிட்டார்கள், அவர்களில் 15 பேருக்கு மறுபடி வளைந்தது. ஆட்ஸ் 15-க்கு 5, அதாவது 3. மீதி 31 பேரில் ஒருவருக்கு மட்டும் வளைந்தது. ஆட்ஸ் 1-க்கு 30. இரண்டையும் வகுத்தால் 90. ஆனால் ஆபத்தைப் பார்த்தால் 75 சதவீதம், சுமார் 3 சதவீதம். ஏறத்தாழ 23 மடங்கு. இப்போது அந்த 31 பேரில் வளைந்தது ஒருவருக்கு அல்ல, இரண்டு பேருக்கு என்று வையுங்கள். ஆட்ஸ் ரேஷியோ 90-இலிருந்து 43-க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு குழந்தை!

சின்னக் கூட்டத்தில் வரும் பெரிய எண்ணுக்கு இவ்வளவுதான் உறுதி. திசை சரி, அளவு ஆட்டம் காணும். பிரேஸ் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன. என் சண்டை அந்த எண்ணோடு இல்லை. அந்த எண் எதனால் வந்தது என்பதில்தான்.

எது எதற்குக் காரணம்? மாவுக்கட்டு முடிந்தபோது பாதம் முழுசாகத் திரும்பவில்லை என்று வையுங்கள். 70 டிகிரி வரை திரும்ப வேண்டியது 50-இலேயே நின்றுவிட்டது, அல்லது குதிகால் முழுக்கக் கீழே இறங்கவில்லை. அந்தக் காலில் ஷூவை மாட்டினால் குதிகால் உள்ளே உட்காராது. நழுவும். உரசும். புண்ணாகும். குழந்தை இரண்டு நாளில் நிறுத்த வேண்டிய அழுகையை இரண்டு வாரம் அழும். பெற்றோர் கழட்டிவிடுவார்கள். பிறகு கால் வளையும். பதிவேட்டில் என்ன எழுதப்படும்? 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை, மீண்டும் வளைந்தது.' உண்மையில் சங்கிலியின் முதல் கண்ணி கட்டுப் போட்ட கையில் இருக்கிறது. நழுவுகிற ஷூ மறுவளைவின் காரணமாக இருக்கலாம், அதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். குழந்தை ஷூவிலிருந்து திரும்பத் திரும்பக் காலை உருவிக்கொண்டால் பாதத்தைப் பரிசோதியுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதும் அனுபவசாலிகளே சொல்கிறார்கள். புள்ளிவிவரத்தில் மட்டும் அது பெற்றோர் கணக்கில் ஏறிவிடுகிறது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: யூசர் எரர். பத்தில் நாலு பேர் ஒரே பட்டனைத் தப்பாக அழுத்தினால், முதல் கூட்டத்தில் எல்லோரும் "பயனருக்குத் தெரியலை" என்போம். இரண்டாவது கூட்டத்தில் யாராவது ஒருத்தர் "பட்டனை ஏன் அங்க வச்சோம்?" என்று கேட்பார். அந்த இரண்டாவது கூட்டம் நடக்காமல் போன தயாரிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கூட்டம்

நியாயமாகச் சொன்னால், இந்தத் துறையில் அந்த இரண்டாவது கூட்டம் நடந்தது. தாமதமாக.

ஷூ-கம்பி யோசனை டெனிஸ் பிரவுன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1934-இல் எழுதியது. பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் அதே பாணியில்தான் குழந்தைகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்: விறைப்பான தோல் ஷூ, அசையாத கம்பி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோவாவிலேயே ஜான் மிட்செல், பொன்செட்டியின் வழிகாட்டலில் மிருதுவான உட்புறம் கொண்ட ஷூவைச் செய்தார். குதிகால் கீழே இறங்கி உட்கார்ந்ததா என்று வெளியிலிருந்தே பார்க்க அதில் ஓட்டை இருக்கிறது. எவ்வளவு எளிய விஷயம்! அந்த ஓட்டை வருவதற்கு முன், எத்தனை தாய்மார் குதிகால் இறங்காத ஷூவை 'போட்டாச்சு' என்று நம்பி ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள்?

உகாண்டாவில் மிக்கியெல் ஸ்டீன்பீக், அங்கேயே கிடைக்கும் தோல், பலகை, இரும்பு வைத்து உள்ளூர்ப் பட்டறையில் செய்யக்கூடிய மலிவான பிரேஸை வடிவமைத்தார். ஏழை நாடுகளில் பொன்செட்டி முறை பரவியதற்கு அந்த ஷூவும் ஒரு பெரிய காரணம். நம் நாட்டிலும் அந்த வகை பிரேஸ் புழக்கத்தில் இருக்கிறது. காசில்லை என்பதும் 'ஒத்துழையாமை'யின் ஒரு முகம்தான் என்று புரிந்துகொண்டவர் செய்த வேலை அது.

மூன்றாவதுதான் சுவாரசியம். 2007-இல் இரண்டு காலும் தனித்தனியே மடங்கி உதைக்கும்படி கம்பியில் மூட்டு வைத்த ஒரு புது பிரேஸ் பற்றிக் கட்டுரை வந்தது. பழைய பிரேஸில் 'ஒத்துழைக்காத' பல குடும்பங்கள் இதில் ஒத்துழைத்தார்கள் என்றது. எழுதியவர்களில் ஒருவர் மாத்யூ டாப்ஸ். ஆமாம், 183-ஐக் கணக்குப் போட்ட அதே டாப்ஸ். கருவியை மாற்றியதும் பெற்றோரின் குணம் மாறிவிட்டதா என்ன? அவர் தன் முதல் கட்டுரைக்குத் தானே எழுதிக்கொண்ட மறுப்பாகத்தான் அதை நான் படிக்கிறேன். அவர் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் 2004-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் 2007-ஐயும் அதன் அருகில் வைத்துப் படித்தால் நன்றாக இருக்கும்.

2009-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நகரத்துக் குழந்தைகளையும் கிராமத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு வந்தது. கிராமத்தில், குறிப்பாக அமெரிக்கப் பூர்வகுடிக் குடும்பங்களில், பிரேஸ் நின்றுபோவது அதிகமாக இருந்தது. ஆனால் அந்த ஆசிரியர்கள் அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பண்பாட்டுக்கு ஏற்றபடி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் தீர்வு இருக்கலாம் என்று எழுதினார்கள். 2004-இல் வந்த அந்த 10.7-ஐ, அதாவது பெற்றோரின் படிப்பை, நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: பத்தாவது படித்த தாயால் ஷூ மாட்ட முடியாது என்பதற்கு அது சாட்சி இல்லை, பத்தாவது படித்த தாய்க்குப் புரியும்படி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி. என் தங்கை எம்.எஸ்ஸி. அவளுக்கும்தான் புரியவில்லை.

பொய்யின் விலை

கடைசியாக 2016-இல் வந்த ஆய்வு. பிரேஸுக்குள் சின்ன சென்சார் பொருத்தி மூன்று மாதம், 44 குழந்தைகள் உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று அளந்தார்கள். நடுமதிப்பில் பார்த்தால், டாக்டர் சொன்னதில் 62 சதவீத நேரம்தான் போட்டிருந்தார்கள். பெற்றோர் சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டால் 77 சதவீதம். மீண்டும் வளைந்த 8 குழந்தைகள் சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம் போட்டிருந்தார்கள், வளையாதவர்கள் 8 மணி நேரம்.

இதை இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கலாம். ஒன்று, "பாருங்க, பெத்தவங்க பொய் சொல்றாங்க." இன்னொன்று, "அப்போ 8 மணி நேரம் போதும்." இரண்டாவது ஆபத்தானது. வெவ்வேறு வயசுக் குழந்தைகள் கலந்த சின்னக் கூட்டத்தின் சராசரி அது. 23 மணி நேரக் கட்டத்தில் இருக்கும் கைக்குழந்தைக்கு அதைப் பொருத்தவே கூடாது. 

எனக்குத் தோன்றுவது வேறு. நன்றாக இருந்த குழந்தைகளின் பெற்றோரும் குறைவாகத்தான் போட்டிருக்கிறார்கள், கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். என் தங்கை தனி ஆள் இல்லை. இத்தனை பேர் கூட்டிச் சொல்கிறார்கள் என்றால், டாக்டரின் கேள்வியே அப்படிப்பட்டது. "எத்தனை மணி நேரம்?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு, அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தப்பான பதிலுக்குத் திட்டு. அதனால் டாக்டருக்குத் தெரிய வேண்டிய ஒரே தகவல், எங்கே கழன்றது, ஏன் கழன்றது என்பது, அந்த அறைக்குள் வருவதே இல்லை. பிழைப் பதிவை அணைத்துவிட்டு மென்பொருள் ஓடுகிறதா என்று பார்ப்பது போல.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது, ஒரு எலும்பு மருத்துவ நண்பர் என்னிடம் சொன்னார். "நீ பேசறது நல்லா இருக்கு. ஆனா நாங்க கொஞ்சம் தளர்ந்து பேசினா வீட்டுல முழுசா கழட்டிடறாங்க. ஒரு வருஷம் கழிச்சு வளைஞ்ச காலோட வர்றாங்க. மறுபடி கட்டு, சில சமயம் ஆபரேஷன். அதை நீ பார்த்ததில்ல." உண்மை, நான் பார்த்ததில்லை. விதி கறாராகத்தான் இருக்க வேண்டும். 23 என்றால் 23. ஆனால் விதியைக் கறாராகச் சொல்வதும், விதி உடைந்த இடத்தைக் கேட்காமல் விடுவதும் ஒன்றல்ல. "23 மணி நேரம் போடணும். சரி, நேத்து ராத்திரி எப்போ கழட்ட வேண்டி வந்துச்சு?" இந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் காசு செலவில்லை.

இன்னொன்றும் மறந்துபோகிறது. பொன்செட்டி 1963-லேயே தன் முடிவுகளை வெளியிட்டார். 1995-இல் வந்த, சராசரியாக 34 வருஷம் கழித்துப் பார்த்த தொடர் ஆய்வில், அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களில் 78 சதவீதம் பேருக்குப் பாதம் நல்ல நிலையில் இருந்தது. பிறவியில் குறையே இல்லாத ஒப்பீட்டுக் கூட்டத்தில் அது 85 சதவீதம். இவ்வளவு நல்ல வைத்தியத்தை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர்கள் இணையத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட பெற்றோர். கத்தி வேண்டாம் என்று அவர்கள் அயோவாவைத் தேடிக்கொண்டு போனார்கள். 2003-இல் பொன்செட்டியும் சகாக்களும் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் சுமந்து வந்த வைத்தியம் இது. அதன் தோல்விக்கு முதல் குற்றவாளியாகவும் பெற்றோரையே நிறுத்துகிறோம்.

அடுத்த முறை

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தங்கையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: உள்ளதைச் சொல்லு. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள். எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு, எதற்காகக் கழட்டினோம், குதிகால் எப்படி இருந்தது. டாக்டர் முகம் சுளித்தார். இரண்டு வரி திட்டும் விழுந்தது. ஆனால் 'குதிகால் சிவந்திருந்தது' என்ற வரியைப் பார்த்ததும் ஷூ செய்கிறவரைக் கூப்பிட்டார். அவர் பாதத்தை உள்ளே வைத்து, விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது ஒரு சைஸ் பெருசு சார்" என்றார். வளருகிற குழந்தை, கொஞ்சம் நாள் வரட்டும் என்று யாரோ நல்ல மனசோடு பெரிய சைஸ் கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிச் சட்டை எடுக்கிற மாதிரி.

சரியான சைஸ் வந்த ராத்திரி அவன் அரை மணி நேரம் சிணுங்கிவிட்டுத் தூங்கினான். தங்கை தூங்கவில்லை, பழக்கதோஷம்.

இப்போது அவனுக்கு இரண்டரை வயசு. ராத்திரி கம்பியால் சுவரை இடித்து எல்லோரையும் எழுப்புகிறான். இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கிறது, அதற்குள் எதுவும் நடக்கலாம், அதனால் வெற்றிக் கதை என்று இதை முடிக்க மாட்டேன். அந்தத் தாள் பழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. போன மாதத் தாளில் ஒரு வரி: 'செவ்வாய் ராத்திரி போடவில்லை. எல்லோரும் அசந்து தூங்கிவிட்டோம்.' அதையும் டாக்டரிடம் காட்டினாள்.